ஆடிப்பட்டத்தில் விதை போட்டு வீட்டுக் காய்கறித் தோட்டம்: முதல்முறை தொடங்குகிறவர்களுக்கு

வீட்டில் காய்கறி போட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது விதைக்கடையில்தான். கண்ணில் பட்ட பாக்கெட்டையெல்லாம் வாங்கி வந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அத்தனையையும் மண்ணில் போட்டுவிடுகிறார்கள். பாதி முளைக்காது. முளைத்ததில் பாதி வெயிலில் வாடும். மிச்சமெல்லாம் ஒரே வாரத்தில் காய்த்து ஒரே வாரத்தில் ஓய்ந்துவிடும். அப்புறம் "நமக்குக் கைராசி இல்லை" என்று பைகளை மூலையில் அடுக்கிவைத்துவிடுவார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பூச்சியால் தோட்டத்தைக் கைவிட்டவர்களைவிட, காலம் பார்க்காமலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தும் கைவிட்டவர்கள்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அதனால் விதைப்பதற்கு முந்தைய வேலைகளையும் விதைத்த பிறகு வரும் முதல் ஒரு மாதத்தையும் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

இதில் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பயிரும் வேறு, பருவமும் வேறு.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. அக்கினி நட்சத்திர வெயில் ஓய்ந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றால் அவ்வப்போது தூறலும், அதனால் மண்ணில் கொஞ்சம் ஈரமும் இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் செடிக்கு மூன்று மாதம் கிடைத்துவிடுகிறது. அதற்குள் வேர் ஆழமாகப் போய், தண்டு முற்றி, வெண்டையும் கத்தரியும் காய்ப்புக்கு வந்திருக்கும். அந்த அளவு வளர்ந்த செடி அடைமழையைத் தாங்கும். அதே விதையை அக்டோபர் கடைசியில் போட்டால், இரண்டு இலை விட்ட நாற்று மழையில் அடிபட்டு அழுகும். பட்டம் என்பது சாஸ்திரத்துக்காகச் சொன்னதல்ல, மழைக் கணக்கு.

ஆடியை விட்டுவிட்டால் அடுத்த நல்ல வாய்ப்பு தைப்பட்டம். பொங்கல் கழிந்து விதைக்கலாம். வெள்ளரி, பூசணி, பாகல், கொத்தவரை எல்லாம் அப்போது நன்றாக வரும். முள்ளங்கி, பீட்ரூட், முட்டைக்கோஸ், கொத்தமல்லி ஆகியவற்றுக்குக் குளிர்ச்சி பிடிக்கும். மழை குறையத் தொடங்கும் கார்த்திகைக் கடைசியும் மார்கழியும் அவற்றுக்கு உகந்தவை. சித்திரையில் புதிதாகத் தொடங்காதீர்கள். அந்த வெயிலில் தக்காளிப் பூ கொத்துக் கொத்தாக உதிரும். அனுபவம் உள்ளவர்களே நிழல்வலை கட்டிச் சமாளிக்கிற மாதம் அது.

அவரைக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. பந்தலில் ஏறும் நாட்டு அவரை, பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். தையில் ஊன்றினால் கொடி பந்தலை மூடுமே தவிர, அடுத்த பனிக்காலம் வரை காய் இருக்காது. எந்த மாதத்திலும் காய்க்க வேண்டுமென்றால் குத்து அவரை என்று கேட்டு வாங்க வேண்டும்.

வளர்பிறை பார்த்து விதைப்பது பல வீடுகளில் வழக்கம். ஆடிப்பெருக்கன்று விதைப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி வழக்கம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மண்ணும் ஈரமும் தயாராக இருக்கும்போது திதிக்காகப் பத்து நாள் காத்திருக்கத் தேவையில்லை.

வெயில் எங்கே விழுகிறது?

ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி என மூன்று முறை கொல்லையையோ மாடியையோ சுற்றிப் பாருங்கள். காய் காய்க்கும் செடிக்கு நேரடி வெயில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் வேண்டும். கீரைக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். ஒன்றை மறந்துவிடக் கூடாது: ஆடியில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேராக இருக்கும், மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். உங்கள் வீட்டுக்குத் தெற்கே மூன்று மாடிக் கட்டடம் இருந்தால், ஜூலையில் வெயில் கொட்டிய இடம் டிசம்பரில் முழு நிழலாகிவிடும். ஆறு மாதம் நிற்கப்போகிற கத்தரியையும் மிளகாயையும் அந்த நிழல் எட்டாத இடத்தில் வையுங்கள்.

மாடியில் போடுகிறவர்கள் பாரத்தையும் பார்க்க வேண்டும். 24 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள குரோ பேக்கில் செம்மண் அதிகம் கலந்து நிரப்பினால், தண்ணீர் ஊற்றியபின் 25 கிலோவைத் தொடும். அத்தனையையும் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் இடத்துக்கு மேலே ஓரமாக வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு பைக்கும் அடியில் இரண்டு செங்கல். பைக்கு அடியில் தண்ணீர் தேங்காமல் ஓடினால் தளமும் பிழைக்கும், வேரும் பிழைக்கும்.

தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் இடத் தேர்வில் சேரும். குடம் சுமந்து ஊற்ற வேண்டிய இடத்தில் உள்ள தோட்டம் மூன்றாவது வாரத்தில் காயத் தொடங்கிவிடும்.

என்ன போடுவது, எத்தனை செடி?

உங்கள் வீட்டுச் சமையலில் வாரத்துக்கு இரண்டு முறையாவது வருகிற காய் எது? அதைத்தான் போட வேண்டும். முதல் ஆடிக்கு என் சிபாரிசு: வெண்டை, கத்தரி, கொத்தவரை, மிளகாய், ஏதாவது ஒரு கொடி, கீரை. தக்காளி ஏழாவதாகச் சேரலாம். காலிஃபிளவர், கேரட், குடைமிளகாய் எல்லாம் இப்போது வேண்டாம். பார்க்க ஆசையாக இருக்கும், சமவெளி வெயிலில் கைகொடுக்காது.

நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பன்னிரண்டு வெண்டைச் செடி சரியான அளவு. காய்ப்பு நன்றாக இருக்கும் காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செடிக்கு ஒரு காய் பறிக்கலாம். இரண்டு பறிப்பைச் சேர்த்தால் ஒரு பொரியல் ஆகிவிடும். இரண்டு செடி மட்டும் வைத்தால் நாளுக்கு ஒரு காய் கிடைக்கும், அதைச் சமைக்கவும் முடியாது, சேர்த்து வைத்தால் வாடிவிடும். கத்தரி நான்கைந்து செடி போதும். மிளகாய் மூன்று. புடலையோ பீர்க்கோ பாகலோ பந்தலுக்கு இரண்டு கொடி. கீரைக்கு ஒரு அகலமான பாத்தி, இல்லையென்றால் பழைய டப்பில் துளை போட்டு நிரப்பியது.

விதை

விதைப் பாக்கெட்டின் பின்புறத்தை யாரும் படிப்பதில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது. முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் சோதித்தார்கள், எதுவரை செல்லும் என்று அச்சிட்டிருக்கும். சான்று விதைக்குச் சோதனைத் தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் கெடு. தக்காளி, கத்தரிக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 என்பது தரக்கணக்கு. அப்படியென்றால் நல்ல மிளகாய் விதையிலேயே பத்துக்கு நான்கு முளைக்காமல் போகலாம். 'விதை மோசம்' என்று முடிவு கட்டும் முன் இதை நினைவில் வையுங்கள், விதைக்கும்போதும் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள்.

வீரிய ஒட்டு விதையா, நாட்டு விதையா என்பது அடுத்த கேள்வி. ஒட்டு விதை சீராகக் காய்க்கும். ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது, ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போக வேண்டும். நாட்டு விதை ஒருமுறை வாங்கினால் போதும், அடுத்த ஆடிக்கு விதை உங்கள் வீட்டிலேயே இருக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு நான் நாட்டு விதையைத்தான் சொல்வேன். ருசியும் ஒரு காரணம். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி, ராமநாதபுரம் முண்டு மிளகாய் போன்றவை 2023இல் புவிசார் குறியீடு பெற்றவை. உங்கள் வட்டாரத்திலும் அதுபோல ஏதாவது ஒரு கத்தரி, ஒரு அவரை இருக்கும். சந்தையில் கீரை விற்கும் பாட்டியிடம் கேளுங்கள், யார் வீட்டில் விதை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில், வேளாண் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிறுவனங்களும் வெளியிட்ட ஒட்டு அல்லாத ரகங்களும் உண்டு. பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 தக்காளி, கோவில்பட்டி கே 1, கே 2 மிளகாய், பெங்களூரு அர்கா அனாமிகா வெண்டை போன்றவை. இவற்றிலிருந்தும் விதை எடுத்து வைக்கலாம்.

சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருக்கிற விதை பூஞ்சாண மருந்து கலந்தது. வெறுங்கையால் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிஞ்சியதைக் கோழிக்குப் போடக் கூடாது.

பழைய விதையோ, யாரோ கொடுத்த விதையோ என்றால் மண்ணில் போடுவதற்கு முன் சோதித்துவிடுங்கள். பத்து விதையை ஈரத் துணியில் மடித்து, ஒரு டப்பாவில் மூடி, அடுப்படியில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். துணி காயாமல் தினமும் தெளிக்க வேண்டும். வெண்டை ஐந்தாறு நாளில், மிளகாய் பத்துப் பன்னிரண்டு நாளில் முளை காட்டும். பத்தில் ஆறேழு வந்தால் நல்ல விதை. மூன்று வந்தால் இரண்டு மடங்கு போடுங்கள். ஒன்றும் வராவிட்டால் உங்களுக்கு ஒரு மாதக் காத்திருப்பு மிச்சம். அம்மன் கோயில்களில் ஆடி மாதம் முளைப்பாரி போடுவதில் இந்தச் சோதனையும் அடங்கியிருக்கிறது என்று விவசாயிகள் சொல்வதுண்டு. விதைப்புக்குச் சற்று முன்னால் ஊரே சேர்ந்து தானியத்தை முளைக்கவைத்துப் பார்க்கிற வேலை அது.

மண்

கொல்லையில் போடுகிறவர்கள் ஆனி மாதமே ஒரு முழ ஆழம் கொத்திவிட்டு, பத்து நாள் வெயிலில் காயவிட்டு, மக்கிய தொழுவுரம் கலந்து, ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டுவிடுங்கள். இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும் அகலம் போதும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. மிதித்த மண் இறுகிவிடும்.

மாடிக்கு என்றால் செம்மண், மண்புழு உரம் அல்லது மக்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம பங்கு. பை ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. தென்னைநார்க் கழிவைக் கட்டியாக வாங்கினால் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலக்க வேண்டும். அதிலுள்ள உப்பு போகாவிட்டால் நாற்றின் இலை நுனி கருகும். தொழுவுரம் மக்கியதா என்று மூக்கே சொல்லும். சாணி வாடை அடித்தால் இன்னும் ஆகவில்லை. மழை பெய்த மண் மாதிரி மணம் வர வேண்டும். பச்சைச் சாணம் சூட்டைக் கிளப்பி வேரை வேகவைத்துவிடும், வண்டுப் புழுவையும் கூட்டி வரும்.

கலந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து, லேசாக ஈரப்படுத்தி, உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். விரலைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும். கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையே பிடிக்காவிட்டால் மண்புழு உரம் சேருங்கள். தட்டியும் உடையாவிட்டால் களி அதிகம், மணலோ தென்னைநாரோ கூட்டுங்கள். பை நிரப்பும்போது மேலே நான்கு விரல் காலியாக விட வேண்டும், பின்னால் உரம் போடவும் மண் அணைக்கவும் அது தேவைப்படும். நிரப்பிய பையை நனைத்து ஒரு வாரம் சும்மா விட்டுவிட்டு அப்புறம் விதையுங்கள். அந்த வாரத்திலேயே களை முளைத்துவிடும், எளிதாகப் பிடுங்கிவிடலாம்.

விதைக்கிற நாள்

எல்லாவற்றையும் ஒரே மாதிரி விதைக்கக் கூடாது. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் முதலில் நாற்றாக வளர்த்து அப்புறம் இடம் மாற்ற வேண்டும். வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கீரை, கொடி வகைகள் எல்லாம் நேரே நின்று காய்க்கப்போகிற இடத்திலேயே ஊன்ற வேண்டும். வெண்டைக்கு ஆணிவேர் நீளமாகப் போகும், இடம் மாற்றினால் அது தேறிவர வெகுநாள் ஆகும்.

முதல் வாரத்தில் நாற்றங்கால். குழித்தட்டு இருந்தால் நல்லது, இல்லையென்றால் அடியில் துளை போட்ட காகித டீக் கப் போதும். கொட்டாங்குச்சியிலும் வளர்க்கலாம். குழிக்கு இரண்டு விதை, கால் அங்குல ஆழம், மேலே சலித்த மண்புழு உரத்தால் மெல்லிய மூடல். விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது எல்லா விதைக்கும் பொருந்தும் கணக்கு. அதே வாரத்தில் பாத்தியின் ஒரு பகுதியில் மட்டும் முளைக்கீரை தூவுங்கள்.

கீரை விதை கடுகிலும் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவியும். ஒரு ஸ்பூன் விதைக்கு நான்கு ஸ்பூன் உலர்ந்த மணல் சேர்த்துக் கலந்து, கையைத் தாழ்த்திப் பிடித்து, பாத்தியின் நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் தூவுங்கள். உள்ளங்கையால் மண்ணை மெல்லத் தடவிக்கொடுத்தால் விதை மறைந்துவிடும். பூவாளியால் நனைத்து, மேலே ஈரச் சாக்கு ஒன்றை விரியுங்கள். இரண்டாம் நாளிலிருந்து காலையும் மாலையும் சாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நூல் நூலாகச் சிவப்பு முளை தெரிந்தவுடனே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளுத்து நீண்டு, சாக்கோடு சேர்ந்து பிய்ந்து வரும். எறும்பு விதையைத் தூக்கிப் போகாமல் இருக்கப் பாத்தியைச் சுற்றி அரிசி நொய்யோ ரவையோ தூவுவது பழைய கைமருந்து, இன்றும் பலிக்கிறது.

இரண்டாவது வாரத்தில் வெண்டையில் பாதி, அதாவது ஆறு குழி. கொத்தவரை ஒரு வரிசை. கொடிக்கு ஒரு பை. வெண்டை விதையை ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறவைத்தால் சீராக முளைக்கும். பாகல், பீர்க்கு, புடலை விதையின் ஓடு கெட்டி, இரவு முழுக்க ஊறட்டும். பாகல் விதையின் கூர்முனையை நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிட்டும் ஊறவைக்கலாம். கொத்தமல்லியை ஒரு பலகையில் வைத்துத் தேய்த்து இரண்டாக உடைத்த பிறகே விதைக்க வேண்டும், ஒவ்வொரு பருப்புக்குள்ளும் இரண்டு விதை இருக்கிறது. ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யம் சேர்த்து அரை மணி நேரம் வைப்பதும் நல்ல பழக்கம். கிடைக்காவிட்டால் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியை ஆறிய சோறு வடித்த கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி ஊன்றலாம்.

மீதி ஆறு வெண்டையை மூன்று வாரம் கழித்துப் போடுங்கள். கீரையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாத்தியின் அடுத்த துண்டில் தூவிக்கொண்டே போங்கள். முளைக்கீரை மூன்று வாரத்தில் பிடுங்கத் தயாராகிவிடும். இப்படிப் பிரித்து விதைத்தால் ஒரு பகுதி ஓயும்போது அடுத்தது வந்துகொண்டிருக்கும். மழையில் ஒரு விதைப்பு போனாலும் முழுவதும் போகாது. விதைத்த தேதியையும் பெயரையும் ஐஸ் குச்சியில் பென்சிலால் எழுதிக் குத்திவிடுங்கள். பேனா மை மழையில் கரையும், பென்சில் கரையாது.

முளைத்த பிறகு

கத்தரி விதை ஏழு முதல் பத்து நாளில் வரும். முதலில் மண்ணில் ஒரு சிறு வெடிப்பு, அதில் வில்லாக வளைந்த தண்டு, மறுநாள் அது நிமிர்ந்து இரண்டு வித்திலைகளை விரிக்கும். இந்தக் கட்டத்தில் இரண்டு விதமாகக் காரியம் கெடும்.

ஒன்று, வெளிச்சம் குறைவது. நாற்று பாவம் என்று நிழலிலேயே வைத்திருந்தால் நூல் மாதிரி நெட்டையாக வளர்ந்து சாயும். முளை தெரிந்த நாள் முதல் காலை வெயில் கட்டாயம் வேண்டும், முதல் வாரத்தில் உச்சி வெயிலை மட்டும் தடுத்தால் போதும்.

இரண்டாவது நாற்றழுகல். நேற்று வரை நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை தரையோடு படுத்திருக்கும். குனிந்து பார்த்தால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர் கோத்து, நூலாகச் சுருங்கியிருக்கும். ஈர மண்ணில் வளரும் பூஞ்சாணத்தின் வேலை இது, வந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அதை மண்ணோடு எடுத்துப் போட்டுவிட்டு, மற்றவற்றுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். நெருக்கமாக விதைக்காமல் இருப்பது, மாலையில் ஊற்றாமல் காலையில் மட்டும் ஊற்றுவது, மண் கலவையில் டிரைகோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் வராது.

எவ்வளவு தண்ணீர் என்று கேட்பார்கள். லிட்டர் கணக்கு சொல்ல முடியாது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பாருங்கள். நுனியில் ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். மேல்மண் வெளுத்திருப்பதை மட்டும் பார்த்து ஊற்றினால் வேர் மூச்சு முட்டும்.

அப்புறம் கலைத்துவிடுவது. ஒரு குழியில் இரண்டு வெண்டை முளைத்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இதற்கு மனசே வராது. இரண்டையும் விட்டால் இரண்டும் ஒல்லியாகப் போய், ஒன்று காய்த்திருக்கக்கூடிய அளவில் பாதிகூடக் காய்க்காது. பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும், அதனால் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டுங்கள். கீரையில் கலைத்ததை அப்படியே கடைந்து சாப்பிடலாம்.

தக்காளி நாற்று 25 நாளில், கத்தரி 30 முதல் 35 நாளில், மிளகாய் 40 நாளில் நடவுக்கு வரும். நான்கைந்து இலை, பென்சிலில் பாதிப் பருமன் தண்டு, ஒரு சாணுக்குக் குறைந்த உயரம், இதுதான் அடையாளம். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்றை முழு வெயிலுக்குப் பழக்குங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, மாலையில் நடுங்கள். கத்தரிக்கு இரண்டடி இடைவெளி, தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒன்றரை அடி, பை என்றால் பைக்கு ஒரு செடி. தக்காளியை மட்டும் முதல் இலைக்கணு வரை ஆழமாகப் புதைக்கலாம், புதைந்த தண்டில் புதுவேர் விடும். மறுநாள் இலை தொங்கும். பயந்து மேலும் மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூன்றாம் நாள் எழுந்துவிடும்.

வளர்ந்த செடிக்கு

இதற்குப் பிறகு வேலை சுலபம். செடியைச் சுற்றிக் காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சக்கை என்று எதையாவது இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். பதினைந்து நாளுக்கு ஒருமுறை செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், இடையில் லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யத் தெளிப்பு. பூ வந்த பிறகு மாதம் ஒருமுறை ஊறவைத்த கடலைப்புண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றலாம். இதற்கு மேல் உரம் போட்டால் இலைதான் வளரும்.

பூச்சிக்கு மருந்தைவிட இலையைத் திருப்பிப் பார்ப்பதுதான் முக்கியம். தினமும் காலையில் ஐந்து நிமிடம் போதும். அசுவினியும் மாவுப்பூச்சியும் இலைக்கு அடியில் பத்துப் பதினைந்தாக இருக்கும்போதே விரலால் நசுக்கிவிடலாம். கூடிவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெய், அது கரைய சில துளி சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். கத்தரியில் நுனிக் கொழுந்து மட்டும் திடீரென்று தலை தொங்கினால் உள்ளே தண்டுதுளைப்பான் புழு இருக்கிறது. அந்தக் கொழுந்தை இரண்டு விரற்கடை கீழே சேர்த்து வெட்டி அழித்துவிடுங்கள். எந்தத் தெளிப்பும் தண்டுக்குள் இருக்கும் புழுவைத் தொடாது. வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சள் வலையாக மாறினால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்குங்கள், மற்றவை தப்பிக்கும். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈ அதில் ஒட்டும்.

கொடிகளைப் பற்றி ஒன்று. பாகலும் புடலையும் முதல் பத்துப் பதினைந்து நாள் வெறும் ஆண் பூவாகவே விடும், அவை உதிரும். இது நோயல்ல. பிறகு வரும் பெண் பூவுக்கு அடியில் விரல் நுனி அளவில் ஒரு குட்டிக் காய் இருக்கும். அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தால் தேனீ வரவில்லை என்று அர்த்தம், மாடியில் இது சகஜம். புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுங்கள். பாகலுக்கும் பூசணிக்கும் அதிகாலையில், சுரைக்கும் பீர்க்குக்கும் சாயங்காலத்தில். அவை பூ விரிக்கும் நேரமே அப்படித்தான். மூன்று நாளில் அந்தக் காய் கீழே வளைந்து பருக்கத் தொடங்கினால் சூல் பிடித்துவிட்டது. பிஞ்சிலேயே ஒரு காகிதப் பை மாட்டிவிட்டால் பழ ஈ குத்தாது.

பறிப்பில் தாமதம் கூடாது. வெண்டை விதைத்த 45ஆவது நாள் வாக்கில் முதல் காய் தரும், அதன் பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டாயம் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்துப் பாருங்கள், பட்டென்று ஒடிந்தால் பதம். முற்றின காய் ஒன்றைச் செடியில் விட்டாலும் செடி விதை முற்றவைப்பதில் இறங்கி, புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். கத்தரி நட்ட இரண்டு மாதத்தில், தோல் பளபளப்பாக இருக்கும்போதே பறியுங்கள். பளபளப்பு மங்கினால் உள்ளே விதை முற்றத் தொடங்கிவிட்டது.

அடுத்த பட்டத்துக்கு விதை

நாட்டு விதை போட்டிருந்தால் இதைத் தொடக்கத்திலேயே யோசித்து வைக்க வேண்டும். பூச்சி, நோய் தாக்காமல் நன்றாக நின்று காய்த்த செடி எது என்று பார்த்து அதில் ஒரு நூல் கட்டிவிடுங்கள். அந்தச் செடியின் நடுப்பருவத்துக் காய்களில் இரண்டு மூன்றைப் பறிக்காமல் விடுங்கள். கடைசியில் மிஞ்சிய சூம்பல் காயில் விதை எடுப்பது தப்பு. வெண்டை செடியிலேயே பழுப்பாகி, ஓரம் வெடிக்கும் வரை காயட்டும். கத்தரி மஞ்சளாகப் பழுத்து மெத்தென்று ஆன பிறகு அறுத்து, தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், சண்டு மிதக்கும். தக்காளியின் சதையோடு விதையை ஒரு கிண்ணத்தில் ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டால் வழவழப்பு நீங்கும், அப்புறம் அலசலாம். பீர்க்கையும் சுரையையும் கொடியிலேயே உலரவிட்டு, ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கும்போது எடுக்கலாம். இரண்டு ரக மிளகாய் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பூவிலேயே கலந்துவிடும், விதைக்கு விடும் கிளையைப் பூப்பதற்கு முன் மெல்லிய துணியால் மூடுங்கள்.

எடுத்த விதையை நிழலில் நான்கைந்து நாள் உலர்த்துங்கள், உச்சி வெயில் வேண்டாம். வெண்டை விதையைப் பல்லில் கடித்தால் நசுங்காமல் உடைய வேண்டும். பிறகு சலித்த விறகுச் சாம்பலும் கொஞ்சம் வசம்புப் பொடியும் கலந்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி, பெயரும் மாதமும் எழுதி, அடுப்பின் சூடு படாத அலமாரியில் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் விதையின் உயிர் சீக்கிரம் குறையும், அதனால் அடுத்த ஆடிக்குள் பெரும்பகுதியை விதைத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதைப் பக்கத்து வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்து வையுங்கள். ஒரு மழையில் உங்கள் செடி மொத்தமும் போனாலும் அந்த ரகம் அவர்கள் பாத்தியில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.